அமுக்கம் என்று நினைத்த இரத்தம்

பல்லுக்காக வார்டில் படுத்தவன் என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நகம் வெட்டவும் அட்மிட் பண்ணுவாங்களா என்று சந்தையடியில் ஒருவன் கேட்டான். தொண்டைக்குக் கீழே வீக்கம் இறங்கி மூச்சு எடுக்க முடியாமல் நான் கிடந்ததை அவன் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. அவனுக்கும், அவனைப் போன்றவர்களுக்கும், முக்கியமாகக் கடலுக்குள் இறங்கித் தொழில் செய்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் சுழியோடி. சங்கு எடுக்கிறவன். வீடு லிங்கநகரில். கிண்ணியாவைச் சேர்ந்த றமீஸ் காக்காவின் படகில்தான் இத்தனை வருடமும் போனேன். காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். அவரும் சுழியோடிதான். என்னைவிட வயதில் மூத்தவர், எனக்குத் தொழில் பழக்கியவரும் அவர்தான்.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறோம். அதிலிருந்து வரும் குழாயின் முனையில் ஒரு ரப்பர் இருக்கும். அந்த ரப்பரைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டுதான் மூச்செடுக்க வேண்டும். இரண்டு கையும் சங்கு பொறுக்கவும் பையை இழுக்கவும் வேண்டும், அதனால் கையால் பிடிக்க ஏலாது. பிடிக்கிறது பல் மட்டும்தான். முன்பற்களும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேட்டைப்பற்களும். கடலுக்கு அடியில் என் உயிர் அந்தப் பற்களில்தான் தொங்கியது. இதைப் பல் தேய்க்கும்போது ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

இரத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. அதுதான் இதில் மோசமான விஷயம். மேலே வந்ததும் குளிருக்கு எல்லோரும் வெற்றிலை போடுவோம், புகையிலையோடு. துப்பினால் சிவப்பாகத்தான் இருக்கும். அதில் எது வெற்றிலை, எது இரத்தம் என்று யார் பார்த்தது? ஒரு சில நாள் வெற்றிலை போடுவதற்கு முன்னாலேயே துப்பலில் சிவப்பைக் கண்டேன். காக்காவிடம் சொன்னேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அமுக்கம் என்றார். ஆழத்தில் தண்ணீர் நெருக்குகிறபோது மூக்கிலும் வாயிலும் கொஞ்சம் இரத்தம் வரும், எல்லோருக்கும் வருகிறதுதான் என்றார். சுழியோடிகள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். மூட்டு நோவென்றால் அமுக்கம், தலையிடி என்றால் அமுக்கம், வாயில் இரத்தம் வந்தாலும் அமுக்கம். நானும் நம்பினேன்.

பல் நீண்டு போனதுபோல இருந்தது. உண்மையில் பல் நீளவில்லை. பல்லைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் சதையை நாங்கள் முரசு என்கிறோம். அந்த முரசு பல்லைவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மின்சாரம் அடித்த மாதிரிக் கூசும். வாய் நாறுகிறது என்று மனைவி கலா சொன்னாள். நான் அவளோடு சண்டை பிடித்தேன். பிறகு இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அது முரசை இன்னும் தேய்த்துவிடும் என்று அப்போது தெரியாது.

போன சீசனின் கடைசிப் பகுதியில் ஒருநாள் மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு துப்பினேன். வாய் நிறைய இரத்தம். காக்காவின் முகம் மாறிவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ வெடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். நானும் அதையேதான் நினைத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் மேலே வந்தபிறகு நோவென்றால் அவனைத் திரும்பவும் அதே ஆழத்துக்கு இறக்கி, கொஞ்சம் வைத்திருந்து, மெதுவாக மேலே கொண்டுவருவோம். சிலருக்கு அதில் மூட்டு நோவு குறைந்திருக்கிறது. அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக்கி வைத்திருக்கிறோம். இரத்தம் கக்குகிறவனுக்கும் அதே மருந்து.

"தம்பி, மேல இருந்தா கூடிரும். திரும்ப ஒருக்கா இறங்கு. நான் சொல்றன்தானே, இறங்கு" என்றார் காக்கா.

இறங்கினேன். பயத்தில் ரப்பரை இறுக்கிக் கடித்தேன். அடியில் போய் நின்றபோது மேல்வரிசையில் ஒரு பல் முன்னுக்குச் சரிந்தது. நாக்கால் தொட்டேன், ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடியது. ரப்பர் ஒரு பக்கம் நழுவி உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. காற்று என்று இழுத்தேன், தண்ணீர் வந்தது. இருமினேன். இருமலில் ரப்பர் முழுதாக வாயைவிட்டுப் போனது. குழாயைத் தேடிப் பிடித்து, இரண்டு கையாலும் ரப்பரை வாய்க்குள் அமத்திக்கொண்டு மேலே வந்தேன். மெதுவாக வர வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. அப்படி வேகமாக வந்தும் கையும் காலும் விளங்காமல் போகாதது என் அதிர்ஷ்டம். காக்கா என்னைப் படகுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பல் ஆடியது என்று நான் சொல்லவில்லை. இரத்தம் வாயால்தான் வந்தது, ஆனாலும் வாயைப் பற்றி இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நெஞ்சைத்தான் நினைத்தோம்.

அதற்குப் பிறகு நான் கடலுக்குப் போகவில்லை. காலையில் தலையணையில் இரத்தக் கறை இருந்தது. கலா கண்டுவிட்டாள். அவளுக்கு அமுக்கமெல்லாம் தெரியாது. அவளுடைய பெரியப்பா கசம், அதுதான் காசநோய், வந்து இரத்தம் துப்பித்தான் செத்தவர். அவள் தலையணை உறையைக் கழற்றிக் கொண்டுபோய்த் தோய்த்தாள். நான் எனக்கென்று ஒரு கோப்பையை ஒதுக்கிவைத்தேன். மகள் பக்கத்தில் வந்தால் பொய்க்கு ஏசித் துரத்தினேன். அவள் எட்டாம் வகுப்பு. காரணம் தெரியாமல் அழுதாள். கசம் பிள்ளைக்குத் தொற்றுவதைவிட அவள் அழட்டும் என்று இருந்தேன்.

நெஞ்சு கிளினிக்கில் காத்திருப்பது ஒரு தண்டனை. வாங்குப் பலகையில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் இடம்விட்டு இருப்பார்கள். தெரிந்த முகம் ஒன்று வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்போம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். காலையில் எழும்பியதும் வரும் சளியைச் சிறிய போத்தலில் கொண்டுவரச் சொன்னார்கள், கசக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க. முடிவு வரும்வரை நான் செத்தவன் மாதிரித்தான் வீட்டில் கிடந்தேன். எனக்குப் பிறகு கலா என்ன செய்வாள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

கசம் இல்லை. நெஞ்சு சுத்தம். அந்த டொக்டர் ரோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். இரத்தம் முரசிலிருந்து வருகிறது, பல் கிளினிக்கிற்குப் போங்கோ என்று துண்டு எழுதித் தந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பல்தானே என்றேன். கலாவும் சிரித்தாள். துண்டை அலுமாரிக்குள் போட்டேன். அன்று மகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். என்னால் பல் கூச்சத்தில் ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வாடைக்காற்று தொடங்கி மழையும் இறங்கியபிறகு கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல்லடியில் நோவு வந்தது. கராம்பு எண்ணெய் வைத்தேன், பனடோல் போட்டேன். கன்னம் வீங்கியது. பிறகு நாடிக்குக் கீழே கழுத்துப் பக்கமும் வீங்கியது. காய்ச்சல். வாயைத் திறக்க ஏலாது, எச்சிலை விழுங்க ஏலாது. படுத்தால் தொண்டை அடைத்தது, அதனால் கதிரையில் இருந்தபடி கிடந்தேன். கலா முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழி முழுக்க என் முதுகில் கையை வைத்துக்கொண்டு வந்தாள், மூச்சு வருகிறதா என்று பார்க்க. அதை அவள் பிறகுதான் சொன்னாள்.

என்னைக் கண்டதும் அங்கே ஓடித் திரிந்தார்கள். அவர்கள் ஓடியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது இது விளையாட்டில்லை என்று. பல்லடியில் கட்டிய சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடுமாம். பல்லால் ஆட்கள் சாகிறார்கள், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரலில் குத்திப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. எவ்வளவு காலமாக என்று எனக்கே தெரியாது. சீனி கூடினால் உடம்பு கிருமியை எதிர்க்காது, முரசு கெதியாக அழியும். முரசில் புண் இருந்தால் சீனியும் இறங்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டு என்னைத் தின்றிருக்கின்றன.

கழுத்தடியில் வெட்டிச் சீழை வடித்தார்கள், அந்தப் பல்லைக் கழற்றினார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். நேர்ஸ் வந்து வந்து நாக்கை நீட்டு, பேசு என்பார். பேச்சு வந்தால் மூச்சு வருகிறது என்று அர்த்தம். நித்திரை கொண்டால் மூச்சு நிற்கும் என்று பயந்து கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழித்திருந்தேன். கடலுக்கு அடியில் தண்ணீரை இழுத்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

காக்கா கிண்ணியாவிலிருந்து பிளாஸ்கில் கோழிச் சூப் கொண்டுவந்தார், அவருடைய மனைவி வடித்துக் கொடுத்தது. வார்டில் எல்லோரும் கேட்க, "சங்கெடுக்கிற வாயில சங்கு முளைச்ச மாதிரி இரிக்கி" என்று என் வீக்கத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவரும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கலா கஞ்சியைத் துணியில் வடித்துக் கொண்டுவருவாள். வீட்டுக்கு வந்தபிறகும் எனக்குக் குழைத்த சோறுதான். அவளும் அதையேதான் தின்றாள், மகளுக்கு மட்டும் வேறாகச் சமைத்தாள். ஏன் என்று நான் கேட்டால் தனக்கும் பசியில்லை என்றாள். பல்லெல்லாம் உள்ளவள்.

வீக்கம் வடிந்ததும் பல் கிளினிக்கிற்கு அனுப்பினார்கள். இந்த முறை துண்டை அலுமாரிக்குள் வைக்கவில்லை. டொக்டர் மட்டக்களப்பைச் சேர்ந்த பிள்ளை, இளம் வயது. நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பியொன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் இறக்கிப் பார்த்து நேர்ஸிடம் இலக்கம் சொல்லிக்கொண்டே போனார். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி எவ்வளவு ஆழம் என்று அளக்கிறார்கள். மூன்று மில்லிமீற்றர் வரைக்கும் பயமில்லையாம். எனக்கு ஐந்து, ஆறு என்று வந்தது. முன்பற்களுக்கு வந்தபோது ஏழு என்றார், அடுத்ததற்கும் ஏழு என்றார். பரீட்சையில் எல்லாம் நான் கூடுதலாகப் புள்ளி எடுத்ததில்லை. இங்கே எடுத்தேன்.

வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே வெளியில்தான் எடுக்கவேண்டி இருந்தது. செலவை நினைத்து இழுத்தேன். கலாவின் தம்பி கேட்காமலே வந்து கூட்டிக்கொண்டு போய்க் காசையும் கட்டினான், இன்றுவரை அதைப் பற்றி ஒரு கதை கதைத்ததில்லை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் விளங்கப்படுத்தினார். பல்லில் தினமும் ஒட்டும் ஊத்தையைச் சரியாக எடுக்காவிட்டால் அது கல்லாக இறுகும். கல்லுக்குக் கீழே கிருமி குடியிருக்கும். முரசு வீங்கி இரத்தம் வடிக்கும். அப்போதே வந்தால் சுத்தம் செய்து மாற்றிவிடலாம். வராவிட்டால் புண் கீழே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். எலும்பு கரையக் கரைய முரசும் விலகிப் போகும். நோவு பெரிதாக இருக்காது, அதனால் ஆளுக்குத் தெரியாது. நான் எனக்கு விளங்குகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். படகு கட்டுகிற கட்டையைச் சுற்றி நீரோட்டம் மணலை அரித்தால் கட்டை பார்வைக்கு நிற்கும். ஒருநாள் படகோடு சேர்ந்து போகும்.

நான் சட்டைப் பையிலிருந்து என் ரப்பரை எடுத்து மேசையில் வைத்தேன். வீட்டிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருந்தேன். "டொக்டர், எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இதக் கடிக்க ஏலுமா எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் அதைக் கழுவி என் வாயில் வைத்து மெதுவாகக் கடிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பவும் வாயைப் பார்த்தார். எலும்பு மிகவும் குறைந்த பற்கள் எவையோ அவற்றில்தான் ரப்பரின் பிடி முழுவதும் வந்தது.

"ஐயா, ரப்பர் கடிச்சதால வந்த வருத்தமில்ல இது. ஊத்தையும் புகையிலையும் சீனியும்தான். ஆனா இனி நீங்க இதக் கடிச்சா பல்லு கையோட வரும். போன எலும்பு தானா வளராது. இருக்கிறதக் காப்பாத்தலாம். சோறு திங்கிறதுக்குப் பல்லு வேணுமா, இதுக்கு வேணுமா?"

எனக்கு அந்தப் பிள்ளையின் மேல் ஆத்திரம் வந்தது. அவர் என்ன செய்வார்? நெஞ்சு டொக்டர் துண்டு தந்த நாளில் போயிருந்தாலும் அந்த எலும்பு திரும்பி வந்திராது. ஆனால் கடைவாய்ப் பல் இருந்திருக்கும், கழுத்து வெட்டு இருந்திராது.

வைத்தியம் இப்படித்தான். விறைக்க ஊசி போட்டு, முரசுக்குக் கீழே பல்லின் வேர் வரைக்கும் கல்லைச் சுரண்டினார்கள். ஒரேயடியாக இல்லை, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து வேறு வேறு நாட்களில். சுரண்டுகிற சத்தம் காதுக்குள் அல்ல, மண்டைக்குள் கேட்கும். முடிந்ததும் துப்பிய கிண்ணத்தில் கறுப்புக் கல்லைக் கண்டேன். என் வாயில் இருந்தது. ஆடிய மேல் முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பியை வைத்துப் பல் நிறப் பசையால் ஒட்டி, ஒன்றோடொன்று கட்டிவிட்டார்கள், ஒன்றுக்கு ஒன்று ஆதரவாக நிற்க. முரசைத் திறந்து எலும்புத் தூள் வைக்கிற வைத்தியமும் இருக்கிறதாம், அதற்குக் கண்டிக்குப் போக வேண்டும், எல்லாப் பல்லுக்கும் அது பிடிக்காது, சீனி இறங்கினால் யோசிக்கலாம் என்றார். புகையிலை முற்றாகக் கூடாது. மெல்லிய தும்புள்ள பிரஷ்ஷால் முரசின் ஓரத்தில் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கில் சின்ன பிரஷ் விட வேண்டும். மகள் குசினி வாசலில் நின்று நான் தேய்ப்பதைப் பார்ப்பாள். அழுத்தினால் "அப்பா, சட்டி மினுக்கிறீங்களா?" என்று கேட்பாள்.

இப்போது இரத்தம் நின்றுவிட்டது. முரசு சிவப்பில்லை. ஆனால் பயம் போகவில்லை. காலையில் கண் திறக்கும் முன்னே நாக்கு போய்க் கம்பியைத் தொடும். ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்க்கும். பாணின் கருகிய ஓரத்தைக் கடிக்கப் பயம். இருமப் பயம். இதை ஒருவரிடமும் நான் சொல்வதில்லை.

வாடை போய்க் கடல் திறந்தது. காக்கா ஆள் அனுப்பினார். கீழே இறங்க ஏலாது என்றேன். மேலே நில் என்றார். படகில் நின்று கயிறு பார்க்கிற வேலை. இயந்திரம் ஓட்ட அவருடைய மச்சான் இருந்தார். முதல் நாள் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. காக்கா சிலிண்டரைக் கட்டிக்கொண்டு விளிம்பில் இருந்தபடி வெளியே துப்பினார். பாதி படகின் வெள்ளைப் பூச்சில் பட்டது. சிவப்பு.

நான் கயிற்றைப் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போனேன்.

"காக்கா, வாயத் திறங்க."

"என்னத்துக்கு? வெத்திலடா."

"இண்டைக்கு நீங்க இன்னும் வெத்தில போடேல்ல."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் கடலைப் பார்த்தார். "அப்ப அமுக்கம்" என்றார் காக்கா.

"இன்னும் இறங்கவே இல்ல காக்கா. எங்கால அமுக்கம்?"

அவர் ஏசிக்கொண்டேதான் வாயைத் திறந்தார். நான் விரலால் மேல் முன்பல்லை அமத்தினேன். அது ஆடியது. என்னுடையதைப் போல அவ்வளவு இல்லை, ஆனால் ஆடியது. முரசு என்னுடையது இருந்த அதே நிறம்.

நான் அவரோடு வாக்குவாதம் செய்யவில்லை. எனக்கு அது வராது. குழாயின் முனையில் ரப்பரை இறுக்கிக் கட்டியிருக்கும் பிளாஸ்ரிக் நாடாவைக் கத்தியால் அறுத்தேன். ரப்பரை இழுத்தெடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். ரப்பர் இல்லாமல் ஒருவனும் இறங்க ஏலாது. பல் கிளினிக்கிற்குப் போய்வந்து துண்டைக் காட்டினால் திருப்பித் தருவேன் என்றேன்.

படகு திரும்பியது. ஒரு சங்குகூட எடுக்காமல், சீசனின் முதல் நாளில். கரை வரும்வரை காக்கா திட்டினார். என்னைத் திட்டினார், என் டொக்டரைத் திட்டினார், தொழில் பழக்கிவிட்ட தன் புத்தியைத் திட்டினார். நான் எதிரே இருந்துகொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். பற்கள் எல்லாம் இன்னும் இருந்தன.